இரண்டு அச்சங்களுக்கு நடுவே ஒரு பாடவேளை

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் புதிய கல்விச் சீர்திருத்தத்தின் விவரங்கள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கியபோது, வரலாறும் அழகியலும் ஓரங்கட்டப்படப்போகின்றன என்ற பேச்சு நாடெங்கும் கிளம்பியது. எந்தப் பாடமும் கைவிடப்படமாட்டாது என்று அரசாங்கம் விளக்கம் தந்தது. விளக்கம் வந்த பிறகும் கொழும்பின் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பெற்றோரின் மனம் ஆறவில்லை. சங்கீத ரீச்சர் இடமாற்றலாகிப் போனால் அந்த இடத்துக்கு யாரேனும் வருவார்களா, நடனத்துக்கென்று விட்டிருக்கும் அறை அடுத்த வருடமும் நடனத்துக்கே இருக்குமா, பத்தாந் தரத்துக்குப் போகும் பிள்ளை சித்திரம் படிக்கக் கேட்டால் அதிபர் என்ன சொல்வார் என்பவையே அவர்களுடைய கேள்விகள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், கணிதப் பெறுபேறு பற்றியும் மலசலகூடத் திருத்தம் பற்றியும் எல்லாரும் பேசி முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்விகள் இவை. அந்தத் தாய் அறிந்தோ அறியாமலோ ஒரு நெடிய வரிசையின் இப்போதைய முனையில் நிற்கிறாள். அவளுக்கு முன்னே அதே கேள்வியோடு நின்றவர்களை நாம் மறந்துவிட்டோம்.

ஈழத்துத் தமிழரின் பள்ளிக்கூட வரலாற்றைச் சற்றுத் தூரத்தில் நின்று பார்த்தால், கலைகள் வகுப்பறைக்குள் வந்ததும் வெளியேறியதும் இரண்டு அச்சங்களின் ஏற்ற இறக்கமாகவே தெரிகின்றன. நாம் யார் என்பது கைநழுவிப் போகிறது என்ற அச்சம் மேலோங்கிய காலங்களில் பாட்டும் ஆட்டமும் நேரசூசியில் இடம்பிடித்தன. பிழைப்புக் கைநழுவிப் போகிறது என்ற அச்சம் மேலோங்கியபோது, அதே பெற்றோரோ அவர்களின் பிள்ளைகளோ முதலில் கைவைத்தது அந்தப் பாடவேளைகளில்தான். இரண்டு அச்சங்களும் வெறும் மனப்பிரமை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் இந்தத் தீவில் போதிய காரணம் இருந்தது.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது சமயமும் தமிழும் இலக்கணமும் அங்கே குடியேறின. ஆடற்கலை வாசற்படி ஏறவில்லை. கோயில் வீதியில் சின்னமேளம் ஆடுவதையே கடிந்து எழுதியவர் அவர். மிஷனரிமாரின் கண்முன்னே சைவம் குற்றம் சொல்ல இடமில்லாமல் நிற்கவேண்டும் என்ற தவிப்பு அந்தக் கண்டிப்பின் அடியில் இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் அளவெட்டி போன்ற ஊர்களில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வீட்டுத் திண்ணையிலேயே கைமாறின. கூத்து அண்ணாவிமாரின் களரியில் விடிய விடிய நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு இவற்றோடு உறவில்லை. கலையைச் சுமந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிக்கூடங்களின் வாங்குகளில் இடம் எளிதிற் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிற்காலத்தில் நாம் கொண்டாடிய கலைப் பாரம்பரியத்தின் அடியில் இந்த வடு இருக்கிறது. அதைத் தடவிப் பார்க்காமல் அந்தப் பாரம்பரியத்துக்கு உரிமை கொண்டாடுவது நேர்மையாகாது.

நாவலர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆவதற்குள் அவர் வழிவந்த குடும்பங்களே மகள்மாரின் காலில் சலங்கை கட்டிப் பார்க்க ஆசைப்பட்டன. இந்தத் திருப்பம் ஒரே நாளில் நிகழவில்லை. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே, ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் தம் மாணவரைச் சொந்தக் கலைகளுக்கு அந்நியராக்குகின்றன என்று இடித்துரைத்துக்கொண்டிருந்தார். 1908 இல் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், அழிந்துகொண்டிருந்த கைத்திறனுக்கு ஒரு சாசனமாக அமைந்தது. 1934 இல் இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதன் மாணவரோடு வந்து கொழும்பு ரீகல் அரங்கில் 'சாப்மோசன்' நாட்டிய நாடகத்தை அரங்கேற்றினார், அதே பயணத்தில் ஹொரணையில் ஸ்ரீபாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார், யாழ்ப்பாணத்துக்கும் போனார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மேடையேறி ஆடுவதைக் கண்ணாற் கண்ட பெற்றோருக்கு அதுவரை இருந்த கூச்சம் விலகியது. சென்னையில் ருக்மிணி தேவி அடையாற்றில் தம் நடனப் பள்ளியைத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலம்தான். அந்தப் பத்தாண்டின் காற்று கடலின் இரு கரையிலும் ஒரே பக்கமாக வீசியது.

கொழும்புத் தமிழருக்கு இந்த விடயத்தில் தனியான ஒரு தவிப்பு இருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கோயில் வீதியே ஒரு கலைக்கூடம். திருவிழா நாளில் காதைத் திறந்து வைத்திருந்தாற் போதும், பத்து இராகம் தானாக உள்ளே போய்விடும். தலைநகரில் அரசாங்க உத்தியோகத்துக்கென்று வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எங்கே? கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் தமிழகத்து நாடகக் குழுக்கள் வந்துபோயின. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் ஆடிவேல் ஊர்வலம் வந்தபோது மேளம் கேட்டது. அவ்வளவுதான். ஆகவே இங்கே எதை வேண்டினாலும் சங்கமாகக் கூடி நின்றே பெறவேண்டியிருந்தது. 1897 சனவரியில் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கிய நினைவில் 1902 இல் எழுந்த விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் கண்டது. 1930களில் சைவ மங்கையர் கழகத்துப் பெண்கள் வெள்ளவத்தையில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையை எழுப்பினார்கள். 1942 இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் பிறந்தது.

மங்கையர் கழகத்தின் முயற்சியை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. தம் பெண்பிள்ளைகள் தேவாரத்தைப் பண்ணோடு பாடவும் தமிழில் சிந்திக்கவும் ஒரு இடம் வேண்டும் என்று தாய்மாரே கூடி அமைத்த பள்ளிக்கூடம் அது. அரசாங்கத்திடம் விண்ணப்பம் எழுதிக் காத்திராமல் அதைத் தாமே தொடங்கினார்கள். இன்று கலைப் பாடங்களுக்காகக் குரல் கொடுக்கும் வெள்ளவத்தைத் தாய்மார் தங்களுக்கு முன்னோடி இல்லையென்று எண்ணினால், ருத்ரா மாவத்தை வரைக்கும் நடந்து பார்த்தாற் போதும்.

வடக்கில் 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வீட்டில் குருவிடம் கேட்டுப் படித்த கலையை அது தரந்தரமாகப் பிரித்துப் பரீட்சையாக்கியது. கலைக்குப் பரீட்சையா என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் நம் பெற்றோரின் மனம் எதை மதிக்கும் என்பதை அந்தச் சபையினர் நன்றாக அறிந்திருந்தார்கள். சான்றிதழ் என்றொரு தாள் கிடைத்ததும் சங்கீதம் படிப்பாக மதிக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளவத்தை முதல் வல்வெட்டித்துறை வரை பல தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறார்கள்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் 1943 அறிக்கை, தலைக்கும் இதயத்துக்கும் கைக்கும் சேர்ந்த கல்வியைப் பற்றிப் பேசியது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்த மூன்றில் தலைக்குரியது மாத்திரம் முழுமையாக வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததும், மற்ற இரண்டும் பாதி வழியில் நின்றதும் நாம் கண்ட கதை. அதே ஆண்டுகளில் நம்மிடையே வாழ்ந்த ஒருவர் இந்தப் பிரிவினையே பொருளற்றது என்பதைத் தம் வாழ்வால் காட்டிக்கொண்டிருந்தார். விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன யாழ்களின் நரம்புகளையும் சுருதிகளையும் கணிதத்தாற் கணித்து அவற்றின் உருவத்தை மீட்டெடுத்தவர். அந்த ஆய்வான யாழ் நூல் 1947 யூனில் அரங்கேறியது. மறுமாதம் 19 ஆம் திகதி அவர் மறைந்தார். கணிதமா சங்கீதமா என்று பிள்ளையிடம் கேட்கும் எந்த வீட்டிலும் அவருடைய படம் சுவரில் மாட்டியிருக்கக்கூடும். கேள்வி மாத்திரம் மாறாமல் இருக்கிறது.

1956 இல் நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்துக்குப் புதுவழி காட்டியது. நமக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி தமிழரிடையே எழுந்தபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுட்டிக்காட்டினார். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார். பேராதனையில் 1962 இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' என்று கூத்தை நவீன மேடைக்கு ஏற்றவாறு செப்பனிட்டார். கல்லாதவர் கலையென்று ஒதுக்கிய ஒன்றைப் பல்கலைக்கழகத்தார் கைதொட்டதும் ஊர்ப் பாடசாலைகளும் அண்ணாவியாரை வரவழைத்துச் சால்வை போர்த்தின. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1960 இல் இராமநாதன் இசைக்கல்லூரி எழுந்து, 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே படித்தவர்களே தீவெங்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்குச் சங்கீத, நடன ஆசிரியர்களாகப் போனார்கள். முதலாவது அச்சம் நமக்குத் தந்த கொடை இது. 1956 இன் தனிச்சிங்கள மொழிச் சட்டத்தின் கசப்பு இல்லாதிருந்தால் இந்த வேகம் இருந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

பிறகு இரண்டாவது அச்சம் வந்தது. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த 1970களின் தரப்படுத்தல் அந்த வாசலைக் குறுக்கியதும் தமிழ்ப் பெற்றோரின் முழுக் கவனமும் புள்ளி என்ற ஒன்றிற் குவிந்தது. 1972 இன் சீர்திருத்தம் கனிட்ட இடைநிலை வகுப்புகளின் பொதுப் பாடத்திட்டத்தில் அழகியலையும் தொழில்முன்னிலைப் பாடங்களையும் சேர்த்தது, ஆனால் வீட்டில் பேசப்பட்டது வைத்தியமும் பொறியியலும் மாத்திரந்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எதிர்காலம் தொங்கிய காலத்தில் வாழ்ந்தவர்களை இதற்காகக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. ஆயினும் அந்தக் காலத்தில் உருவான பழக்கம், காரணம் மாறிய பின்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ரியூஷன் என்ற சொல் ஒரு பிள்ளையின் பின்னேரம் முழுவதையும் விழுங்கத் தொடங்கியது அப்போதுதான்.

1983 யூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்து, வெறிச்சோடி, மீண்டும் நிறைந்தது. தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களாலும் விசாவுக்குக் காத்திருந்தவர்களாலும் லொட்ஜ்களும் தொடர்மாடிகளும் நிரம்பின. அந்தக் காத்திருப்பின் நடுவே ஒழுங்கைக்கு ஒழுங்கை வீணை வகுப்பும் பரத வகுப்பும் முளைத்ததை அக்காலத்தவர் அறிவர். ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுபோகக்கூடிய சொத்தாகப் பிள்ளையின் தொண்டையையும் காலையும் கண்டார்கள். இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போவதற்குமுன் நாலு வர்ணமாவது பாடமாகிவிடவேண்டும் என்று அவசரப்பட்டார்கள். சனிக்கிழமை காலையில், ஒடுங்கிய படிக்கட்டில், செருப்புகளுக்கு நடுவே தாய்மார் அமர்ந்திருக்க, உள்ளே தட்டுக்கழியின் ஒலியோடு பிள்ளைகளின் காலடி தளத்தை அதிரவைக்கும். கீழ்வீட்டுக்காரர் வந்து முறைப்பட்டுவிட்டுப் போவார். வகுப்பு நில்லாது நடக்கும். போரின் நடுவே இந்த நகரத் துண்டில் கலை செழித்ததற்கு அந்தத் தாய்மாரின் பிடிவாதமே காரணம். அதற்கு நாம் நன்றிக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தச் செழிப்புக்குள்ளேயே இன்றைய சிக்கலும் விளைந்தது. கலை மெல்ல மெல்லப் பாடசாலையை விட்டுக் கட்டண வகுப்புக்குக் குடிபெயர்ந்தது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ ஓர் அரங்கேற்றம் என்றால் மண்டப வாடகை, பக்கவாத்தியக் கலைஞர்கள், உடை, நகை, அழைப்பிதழ், விருந்து என்று ஒரு திருமணத்துக்கு நிகரான செலவு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கிறது. கிடைக்கட்டும், அதில் யாருக்கும் மனக்குறை வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவரின் மகளுக்கு, செட்டியார் தெருக் கடையொன்றில் நிற்பவரின் மகனுக்கு, பாடசாலையில் வாரத்துக்கு ஓரிரு தடவை வரும் அழகியல் பாடவேளையைத் தவிர வேறு வாசல் இல்லை. பாடசாலை அந்தப் பாடவேளையை அசட்டையாக நடத்தினால் பணமுள்ள பிள்ளைக்கு நட்டமில்லை. நட்டம் முழுவதும் மற்றப் பிள்ளைக்கே. வெள்ளவத்தைப் பெற்றோர் அரசாங்கப் பாடசாலையில் கலைக்காக வாதாடவேண்டிய நியாயம் இங்கேதான் இருக்கிறது. அவர்களிற் பலர் தம் பிள்ளைக்கென்று எதையும் கேட்கவேண்டிய நிலையில் இல்லை. அதனால்தான் அவர்களுடைய குரலுக்கு எடை அதிகம்.

இந்த வேறுபாடு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1978 இல் சொத்துவரிக்கு உச்சவரம்பு விதித்த 13 ஆம் இலக்க முன்மொழிவு நிறைவேறியபோது பாடசாலைகள் முதலில் கைவிட்டவற்றில் இசையும் சித்திரமும் இருந்தன. செல்வந்தர் வாழ்ந்த பகுதிகளில் பெற்றோர் தாமே நிதி திரட்டி ஆசிரியரை வைத்துக்கொண்டார்கள். ஏழைப் பகுதிகளில் வெற்றிடம் வெற்றிடமாகவே கிடந்தது. 2022 இல் மக்கள் வாக்களித்து, பாடசாலைக் கலைகளுக்கென்று அரச நிதியில் ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்கினார்கள். இடையில் கழிந்தவை நாற்பத்துநான்கு ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் எத்தனை பிள்ளைகள் ஒரு வாத்தியத்தையும் தொடாமலே பாடசாலையை முடித்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. நாமும் அதே பாதையில், சத்தமில்லாமல், யாரும் வாக்களிக்காமலே போய்க்கொண்டிருக்கிறோம்.

பாடசாலைக்குள் கலை இன்னும் உயிரோடு இருக்கும் நாட்களும் உண்டு. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும் வாரங்களில் பாடசாலை முடிந்த பிறகு பிரதான மண்டபத்துக்குப் போனால் அதைக் காணலாம். கூத்துக்குத் தெரிவான பையன்கள் மேசைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வட்டமாகச் சுற்றுகிறார்கள். ஒருவனுக்குத் தாளம் தப்புகிறது. ஆசிரியர் மத்தளத்தை நிறுத்தி, கையால் தொடையில் தட்டிக் காட்டுகிறார். அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஆடிப் பார்க்கிறான். கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று படியேறிப் போகவேண்டும். உடுப்புக்குத் துணி வாங்கியவர் ஒரு தாய், வானுக்குக் காசு சேர்த்தவர் இன்னொரு தகப்பன். வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அங்கே அரசனாக நின்று உரத்துப் பாடுவதை ஆசிரியர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். போட்டி முடிந்ததும் மேசைகள் பழைய இடத்துக்கு வருகின்றன, மறுநாள் அந்தப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கேட்பவருக்கும் நெருக்கடி, கொடுப்பவருக்கும் நெருக்கடி. வலயத்துக்குப் பெறுபேறு காட்டவேண்டும் அல்லவா?

நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, பிள்ளைகளுக்கான நாடகங்களைப் பாடசாலைகளுக்குள் கொண்டுபோனபோது போட்டியையும் பரிசையும் முன்னிறுத்தவில்லை. பிள்ளைகள் சேர்ந்து விளையாடி, சேர்ந்து சிந்திக்கப் பழகவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஒரு பெரும் போரின் வாசலில் நின்றுகொண்டு அதைச் செய்தார். அவர் 2025 சனவரியில் காலமானார். இரங்கல் உரைகள் நிறைய வந்தன. அவர் வழியில் பாடசாலை அரங்கை எங்கே, யார், எப்படித் தொடர்வது என்ற பேச்சு அவ்வளவாக எழவில்லை.

இன்றைய சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதம், பரதம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை இலக்கியப் பாடங்களோடு சேர்ந்து இரண்டாந் தொகுதியில் நிற்கின்றன. ஆறாந் தரத்திலிருந்து நாலு வருடம் ஒரு கலையைப் படித்த பிள்ளை பத்தாந் தரத்தில் அதைத் தொடர்வதா விடுவதா என்பதை அநேகமாக வீடும் ரியூட்டரியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. செய்முறைப் பரீட்சைக்கு நேரம் போகும், அந்த நேரத்தில் விஞ்ஞானம் படிக்கலாம் என்று சொல்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தரப்படுத்தல் காலத்தில் சொன்ன அதே வார்த்தை, அதே குரலில். ஆனால் தொழில்களின் உலகம் அன்றிருந்ததைப்போல் இல்லை. வடிவமைப்பும் ஒலிப்பதிவும் அசைவூட்டமும் திரைத்துறையும் இன்று சம்பளம் தருகின்றன. பிழைப்பு என்ற அச்சத்துக்கே இப்போது கலை ஒரு பதிலாகக்கூடும். இந்த வாதத்தை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். பாட்டும் ஆட்டமும் சம்பளத்தைக் காட்டித்தான் பாடசாலைக்குள் நிற்கவேண்டுமென்றால் அடுத்த பொருளாதார நெருக்கடியில் அவை மீண்டும் வெளியே தள்ளப்படும். 2022 இல் தாள் இல்லாமல் பரீட்சைகள் பிற்போடப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம்.

ஆகையால் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நிற்கும் அந்தத் தாய் கேட்கவேண்டியவை எளிமையானவை, ஆனால் எழுத்தில் பதியப்படவேண்டியவை. அழகியல் ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றால், பதில் ஆசிரியர் வரும்வரை அவரை விடுவிக்கவேண்டாமென்று வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபர் எழுதவேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதியைச் சங்கம் கேட்டு வாங்கவேண்டும். நடன அறை பரீட்சை நிலையமாக மாறினால் அது எந்தத் திகதியில் திரும்பும் என்பது கூட்டக் குறிப்பில் இருக்கவேண்டும். அழகியல் பாடவேளை வேறு பாடத்துக்கு எடுக்கப்பட்டால் அதே வாரத்தில் ஈடுசெய்யப்படவேண்டும். வெள்ளவத்தையில் அரங்கேற்றம் கண்ட பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் மாதமொரு பின்னேரம் கொட்டாஞ்சேனைப் பாடசாலைக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கக் கூடுமா என்பதையும் இரு பக்கத்துப் பெற்றோரும் பேசிப் பார்க்கலாம். பஸ்ஸில் ஏறினாற் போய்ச் சேரக்கூடிய தூரந்தான். ஒன்பதாந் தரத்துப் பிள்ளை பாடத் தெரிவுப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, இரண்டாந் தொகுதிக்கு எதிரே அது தன் கையால் எழுதியிருப்பதைப் பெற்றோர் அழிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டும்.